ஹீட்டர் நின்ற மார்கழி

துரைக்கண்ணு படுக்கையில் விழுந்த பிறகு, மங்களாம்பிகைக்குப் பொழுது விடிவதே அவரைக் குளிப்பாட்டத்தான் என்றாகிவிட்டது. சித்திரையில் ஒருநாள் வயலிலிருந்து திரும்பியவர் வாசற்படியிலேயே சரிந்தார். திருவாரூர் ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். பக்கவாதத்தில் வலது கையும் காலும் போயின. பேச்சும் போனது, வாயைத் திறந்தால் பாதிச் சொல்கூட உருப்படியாக வராது. உடம்பில் வெந்நீர் பட்டால் மட்டும் விறைத்த தோள் இளகி முகம் கொஞ்சம் தெளியும். அதற்காகவே அவள் ஒரு நாளும் குளியலைத் தவறவிட்டதில்லை.

மார்கழியில் ஒரு காலை, ஹீட்டர் குழாயைத் திறந்தால் பச்சைத் தண்ணீர் வந்தது. சுவிட்சை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். வீட்டில் கரண்ட் இருந்தது, ஹீட்டரில் சிவப்பு விளக்குகூட எரிந்தது. வெகுநேரம் காத்திருந்தும் தண்ணீர் சூடாகவில்லை.

மகள் ஜெயபாரதி பிரசவத்துக்கு வந்திருந்தபோது துரைக்கண்ணுவே வாங்கி வந்து மாட்டிய ஹீட்டர் அது. ஒருமுறை இதேபோல் நின்றபோது ஸ்டூல் போட்டு ஏறி ஏதோ செய்து சரிபண்ணினார். என்ன செய்தார் என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. மோட்டாரோ மிக்ஸியோ, எது நின்றாலும் அவர் பார்ப்பார், பிறகு ஓடும். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அடுப்பில் வெந்நீர் வைத்துக் கொண்டுவந்து அவர் உடம்பைத் துடைத்துவிட்டபடியே, லைட் எரிகிறது, தண்ணீர் சுடவில்லை என்று தனக்குத்தானே புலம்பினாள். அவர் கண்கள் விரிந்தன. இடது கையைத் தூக்கி, கட்டைவிரலை மேலே நீட்டி, எதையோ குத்துவதுபோல் திரும்பத் திரும்ப அசைத்தார்.

“முக்கு... முக்கு” என்றார்.

“மூக்கா? சளி ஒழுவுதா?” என்று துண்டின் முனையால் மூக்கைத் துடைத்தாள். அவர் தலையை ஆட்டினார். சரியாகத் துடைக்கவில்லை போலிருக்கிறது என்று தாடையைப் பிடித்துக்கொண்டு இன்னும் அழுத்தித் துடைத்தாள். அவர் கையை இறக்கினார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் எலக்ட்ரீஷியன் தௌபீக் வந்தான். மெயினை அணைத்துவிட்டு ஹீட்டரின் அடிமூடியைக் கழற்றினான். உள்ளே விரலை விட்டதும் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

“இவ்ளோதாம்மா. சூடு மிஞ்சிப்போனா அதுவே கரண்டை நிறுத்திக்கும். இந்தச் சின்ன பட்டனை இப்படி மேல்பக்கமா அமுக்குனா திரும்ப வந்துடும்” என்றான். காயிலில் உப்பு படிந்திருப்பதால்தான் இப்படி நிற்கிறது, அதையும் சுரண்டிச் சுத்தம் பண்ணித் தருகிறேன் என்றான்.

மங்களாம்பிகைக்கு அதற்குமேல் எதுவும் காதில் விழவில்லை. அவன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கட்டிலுக்குப் போனாள்.

“ஏங்க... நேத்து நீங்க அமுக்குன்னா சொன்னீங்க?”

அவர் அவளையே பார்த்தார். இடது கட்டைவிரல் மெதுவாக எழுந்து காற்றை ஒருதடவை குத்தியது.

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். ஆவணியில் இதே கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் நிலத்தைக் குணசேகரனுக்குக் குத்தகைக்கு விடுவதென்று மகளும் மருமகனும் அவளுமாக முடிவு செய்தார்கள். மாமாவிடம் ஒரு வார்த்தை சொல்லலாமா என்று மருமகன் இழுத்தபோது, அவருக்கு என்ன தெரியப்போகிறது என்றது அவள்தான். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. வயிற்றுப் பொருமல் என்று ஓமத் தண்ணீர் கொடுத்தாள். பார்க்க வந்தவர்களிடம், இப்படிக் கிடப்பதற்குப் போய்ச் சேர்ந்தால் தேவலை என்று அவர் தலைமாட்டில் நின்றே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

“எல்லாம் காதுல விழுந்துச்சா?”

விரல் மறுபடி எழுந்தது. அவர் கண்ணோரம் நனைந்திருந்தது. அவள் அவருடைய வலது கையில் முகத்தைப் புதைத்து அழுதாள். அந்தக் கைக்கு ஒன்றும் தெரியாது என்பது நினைவு வந்ததும் எழுந்து கட்டிலைச் சுற்றி வந்து இடது கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதன்பின் எதையும் அவரிடம் கேட்டே செய்தாள். விரல் எழுந்தால் சரி, கை மூடினால் வேண்டாம். மாதக்கணக்காக ஊட்டிவந்த கேழ்வரகுக் கூழ் அவருக்குப் பிடிக்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட வேண்டியிருந்தது. குணசேகரனை வரச்சொல்லி, எந்த வயலில் என்ன ரகம், எப்போது அறுப்பு என்று அவர் முன்னால் நின்று சொல்லவைத்தாள். தை அறுப்பில் அவன் ஒரு கைப்பிடி நெல்லைக் கொண்டுவந்து கொடுத்தபோது, துரைக்கண்ணு அதை விரல்களால் வெகுநேரம் நெருடிக்கொண்டிருந்தார். சிரித்தாரா, வலித்ததா என்று அவளால் சொல்ல முடியவில்லை. சில நாள் அவள் கேட்கும்போதே கண்ணை மூடிக்கொள்வார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

மாசியில் வாதம் மறுபடியும் வந்தது. ஆம்புலன்ஸ் வாய்க்கால் பாலத்தைத் தாண்டுவதற்குள் அடங்கிவிட்டார்.

துக்கத்துக்கு வந்த பக்கத்துத் தெரு குந்தவை அவள் தோளைத் தொட்டு, “விடு மங்களம். பாவம், ஒண்ணும் தெரியாமயே கெடந்தாரு. ஒரு வகையில நல்லதுதான்” என்றாள்.

மங்களாம்பிகை நிமிர்ந்து பார்த்தாள்.

“எல்லாம் தெரிஞ்சுதுக்கா” என்றாள். “எங்களுக்குத்தான் தெரியல.”