கூடையில் வந்த பாம்பு

வடக்கே குளிர்ந்த கடலோரம் இருந்த அந்தத் துறைமுகத்து மீன் கொட்டகையில் அவளுடைய பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. சம்மட்டி என்றால் சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும். பதினெட்டு வருஷமாக இரும்பு மேசையருகே நின்று மீனைத் தரம் பிரிக்கிறாள். கையில் எப்போதும் ஒரு மரச் சுத்தியல். துள்ளும் விலாங்கின் தலையில் ஒரே போடு, இரண்டாவது அடிக்கு வேலை இருக்காது. மனிதர்களிடமும் அதே வழக்கம்தான். இடுப்பில் கை வைத்த மேஸ்திரிக்கு முன்பல் இரண்டு போனது. புருஷன் ஒருநாள் குடித்துவிட்டுக் கை ஓங்கினான். மறுநாளே மூட்டை கட்டிக்கொண்டு போனவன் திரும்பவில்லை. அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் என்பார்கள். என்னைக் கேட்டால், அந்தக் கொட்டகையில் கோபமே வராதவர்களைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும்.

அவள் கை படாத ஒரே ஆள் தம்பி. அம்மா செத்தபோது அவனுக்கு நாலு வயது, அவளுக்குப் பதினாறு. இன்று முப்பது வயது ஆம்பளை, படகிலிருந்து கூடை இறக்குகிறவன். ஆனாலும் அவன் சாப்பிட்ட பிறகுதான் அவள் தட்டில் கை வைப்பாள்.

மூன்று நாலு வருஷமாகக் கடல் சூடேறிக்கொண்டே வந்தது. குளிர்காலத்தில் விரலை மரக்கவைக்கும் தண்ணீர், குளிக்க வைத்த வெந்நீர் ஆறியதுபோல வெதுவெதுத்தது. பழகிய மீன்கள் குறைந்து, பேர் தெரியாத மீன்கள் மேசையில் வந்து குவிந்தன. அவற்றைத் துரத்திக்கொண்டு இன்னொன்றும் வந்திருந்தது யாருக்கும் தெரியாது.

அன்று காலை ஏழு மணிக்கு, எப்போதும்போல, தம்பி கூடைக்குள் வெறுங்கையை விட்டு நீளமாக ஒன்றை இழுத்தான். அது மணிக்கட்டைக் கவ்வியது. அவன் உதறியதும் சம்மட்டி அது என்னவென்றுகூடப் பார்க்காமல் அடித்தாள். தலை கூழானது. அதைக் கழிவு அரைக்கும் இயந்திரத்துக்குள் வீசினாள்.

கொட்டகையே கைதட்டியது. விலாங்கிடம் கடி வாங்கியவன் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம்.

"வலிக்குதாடா?"

"கொசு கடிச்ச மாதிரிகூட இல்லக்கா. பல்லு போன கிழட்டு விலாங்கு போல."

சிரித்துக்கொண்டே பதினோரு டீ வாங்கி வந்தான். விலாங்கு கடித்தால் சதை கிழிந்து ரத்தம் கொட்டும். இவன் கையில் ஊசி குத்தியதுபோல இரண்டே புள்ளி. அதைப் பார்த்தும் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

ஒன்பது மணிக்கு அவனுக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. தொடை வலிக்கிறது என்றான். ஒதுங்கப் போய்விட்டு வந்து, "அக்கா, சிறுநீர் காப்பிக் கலர்ல போகுது" என்றான். வாய் முழுதாகத் திறக்கவில்லை, இமை தானாகச் சரிந்தது. அவன் மணிக்கட்டில் இருந்த இரண்டு புள்ளியை அப்போதுதான் சம்மட்டி உற்றுப் பார்த்தாள். அவனைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

"பாம்பு கடிச்ச மாதிரி இருக்கு சார்."

டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கடல் பாம்பு இந்தப் பக்கமே கிடையாதும்மா. குளிர்ல அது பிழைக்காது."

"கடல் எங்க சார் குளிருது? நீங்க இறங்கிப் பாத்தீங்களா?"

"பாம்பைக் கொண்டுவந்தியா?"

கொண்டுவரவில்லை. அதை அரைத்து மாவாக்கியதே அவள்தான். அந்தக் கேள்வி அவள் நெஞ்சில் விழுந்த அடி. டாக்டர் கெட்டுப்போன உணவு என்று எழுதி, குளுக்கோஸ் ஏற்றச் சொன்னார். பக்கத்துக் கட்டிலில் தம்பி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தான்.

அவள் படகுக்குத் திரும்பி ஓடினாள். நாலு கூடை இன்னும் இறக்காமல் கிடந்தது. ஏறும் பலகையில் படகு டிரைவர் குறுக்கே நின்றான்.

"பாம்பு கீம்புன்னு கிளப்பினா லோடையே குப்பையில கொட்டச் சொல்லுவாங்க. போயிரு."

"தம்பி சாவுறான்டா. வழிய விடு."

அவன் அவள் முடியைப் பிடித்து இழுத்தான். சுத்தியல் அவன் முழங்கையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் கரையில் நின்றவர்களுக்கும் கேட்டது. விழுந்தவன் அவள் காலைப் பிடித்தான். முகத்தில் மிதித்துவிட்டு ஏறினாள். கூடைகளைக் கவிழ்த்தாள். மூன்றாவதில் ஒன்று நெளிந்தது. மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை, துடுப்புபோலத் தட்டையான வால். இதே வாலைக் காலையில் ஒரு நொடி பார்த்திருந்தால் போதும். அவள் கை சுத்தியலை ஓங்கிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு அதைக் கீழே போட்டாள். சாக்கைச் சுற்றிய கையால் பாம்பின் கழுத்தைப் பிடித்தாள். அது முழங்கை வரை சுற்றி இறுக்கியது. பிய்த்து ஒரு வாளிக்குள் திணித்து, சாக்கால் மூடிக்கொண்டு ஓடினாள்.

டாக்டரின் அறைக் கதவை உதைத்துத் திறந்து, வாளியை அவர் மேசைமேல் கவிழ்த்தாள்.

"இது விலாங்கா சார்? வாலைப் பாருங்க!"

அவர் நாற்காலிமேல் ஏறி நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. நின்ற நிலையிலேயே தொலைபேசியில் மருந்து கேட்டார். அது தொலைவில் வேறொரு கடற்கரையில் இருந்தது. விமானத்தில் வர மாலை நாலு மணியாகும் என்றார்கள். அந்த ஆஸ்பத்திரியில் மூச்சுக் கொடுக்கும் இயந்திரமும் இல்லை. நர்சும் அவளும் மாறி மாறி ரப்பர் பையை அமுக்கி அவனுக்கு மூச்சைத் தள்ளினார்கள். தம்பிக்கு விரல்கூட அசையவில்லை. ஆனால் அவள் "டேய், டேய்" என்று கூப்பிடும்போதெல்லாம் மூடிய இமைக்குள் கண் உருண்டது. கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான், பாவி மகன். மூன்றரை மணிக்கு அவன் இதயம் நின்றது. நாலேகாலுக்கு மருந்து வந்தது.

அவள் கதறிய கதறலை நான் எழுதப் போவதில்லை. விலாங்கு கடித்ததுபோல வலித்திருந்தால் காலையிலேயே துடித்திருப்பான், காலையிலேயே ஓடியிருக்கலாம் என்று திரும்பத் திரும்பச் சொல்லித் தலையைச் சுவரில் மோதினாள். நாலு பேர் பிடித்தும் நிற்கவில்லை.

ஒன்பதாம் நாள் வேலைக்கு வந்தாள். கொட்டகையில் ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கூடை இறங்கியது. அவசரக்காரன் ஒருவன், கையுறையை இடுப்பில் செருகிக்கொண்டு, வெறுங்கையைக் கூடைக்குள் விடப் போனான். மரச் சுத்தியல் அவன் விரல்கள்மேல் விழுந்தது. அவன் அலறிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அய்யோ, வலிக்குதுக்கா!"

"வலிக்கட்டும்டா" என்றாள் சம்மட்டி. "என் தம்பிக்கு வலிக்கவே இல்ல."