பொரியலுக்கு முன் முருங்கையிலை

பாலையூற்றில் பிறந்து, திருகோணமலைத் துறைமுகத்தில் கிறேன் ஓட்டி, தம்பி தங்கைகள் நால்வரையும் கரைசேர்த்தவர் எங்கள் பெரியண்ணா. ஐயா காலமானபின் எங்களுக்குத் தகப்பனும் அவரே. அவருக்கு இருந்த ஒரே பலவீனம் ஆட்டிறைச்சிப் பொரியல். விருந்துக்குப் போனால் வீட்டுக்காரரைப் பார்க்குமுன் குசினிச் சட்டியை எட்டிப் பார்ப்பார்.

அண்ணாவின் மகளுக்கு மூன்று வயதானபோது அவருக்குப் பெருங்குடலில் புற்றுநோய் என்றார்கள். சத்திரசிகிச்சை முடிந்து வந்தவர் என்னிடம் ஒன்றுதான் சொன்னார்.

"தம்பி, இவள் பள்ளிக்கூடம் போறதைப் பாத்தனெண்டால் போதும்."

அண்ணி பத்தியம் தொடங்கினார். வயிற்றில் கத்தி வைத்தவருக்குக் கீரை ஆகாது, மீன் ஆகாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். மாதக்கணக்கில் கஞ்சியும் கோதுமைப் பாணும்தான். நாங்களும் ஒத்து ஊதினோம். அண்ணா எலும்பும் தோலுமானார்.

கிளினிக்கில் டொக்டர் அண்ணியைப் பார்த்தார். "வெட்டினது குடலை. வாயைக் கட்டச் சொல்லி ஆர் சொன்னது?"

புண் ஆறிவிட்டது, இனிக் குரக்கன் மா, குத்தரிசி, கீரை, மீன் எல்லாம் கொஞ்சங் கொஞ்சமாகக் கொடுங்கள், பொரித்த இறைச்சியை விடுங்கள் என்றார். சாப்பாடு மட்டும் காப்பாற்றும் என்று அவர் வாக்குத் தரவில்லை.

கோதுமை மாத் தட்டுப்பாட்டில் ஊரே பாணுக்கு வரிசையில் நின்று, பதிலுக்குக் கிடைத்த குரக்கனைத் திட்டிய காலம் அது. அண்ணா குரக்கன் பிட்டோடும் முருங்கையிலை வறையோடும் வேலைக்குப் போனார்.

"என்ன மச்சான், ஆடு மாதிரிக் குழை தின்னுறாய்?" என்றாராம் கூட வேலைசெய்த கிண்ணியா முஸ்லிம் நண்பர், நாங்கள் நானா என்றழைப்பவர்.

"ஓம் மச்சான். ஆட்டைத் திண்டது போதும். இனி ஆடு தின்னுறதைத் தின்னுறன்."

மகள் பள்ளிக்கூடம் போனாள். பதினான்கு வயதும் ஆனாள். கத்தி காத்ததோ, கீரை காத்ததோ, கோணேசர் காத்தாரோ, யாரறிவார்? சென்ற மாதம் மாரடைப்பு வந்து அண்ணா ஒரே காலையில் போய்விட்டார். அப்படிப் போனதில் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

அந்த டொக்டருக்கும், வாராவாரம் பூசணியும் வெண்டியும் சுமந்துவந்த நானாவுக்கும், துயரில் தோள்கொடுத்த உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது.

எட்டாம் நாள் எட்டுச்செலவன்று அவருக்குப் பிடித்ததையெல்லாம் படைத்தோம். இத்தனை வருடம் கேட்காத ஆட்டிறைச்சிப் பொரியலை அண்ணி இலை நிறைய வைத்தார். "இண்டைக்கு ஒருத்தரும் தடுக்கேலாது, சாப்பிடுங்கோ" என்று அழுதார்.

மகள் எழுந்துபோய் முருங்கையிலை வறையைக் கொண்டுவந்து பொரியலுக்கு முன்னால் வைத்தாள்.

"அப்பா முதல் இதைச் சாப்பிடட்டும்."