வாய் திறக்காத புறாக்கள்

சமாதானத்துக்காக நாடகம் போட்டு ஒரு மண்டபத்தையே அலறவைத்த பெருமை எங்களுக்கு உண்டு. அதில் நான்தான் முதல் புறா.

தொண்ணூறுகளின் நடுவில், வன்னியம்பட்டிப் பக்கம் இருந்த எங்கள் ஊரில் மேலத்தெருவும் கீழத்தெருவும் வெட்டிக்கொண்டன. இரண்டு தெருவிலும் வீடுகள் எரிந்தன. இரண்டு தெருவிலும் ஆட்கள் வெட்டுப்பட்டுப் போனார்கள். எங்கள் மேலத்தெருவில் போனவர்களில் என் தாய்மாமாவும் ஒருவர். எரிந்த வீடுகளைக் கட்டித்தர டிக்கெட் போட்டுப் பணம் திரட்டலாம் என்று பள்ளிக்கூடத்து டிராயிங் சார் ஒரு நாடகம் எழுதினார். அடித்துக்கொள்ளும் இரண்டு ராஜாக்களுக்கு நடுவே இரண்டு தெருப் பிள்ளைகளும் புறாக்களாகப் பறந்து வந்து, ‘சமாதானம், சமாதானம்’ என்று சொல்லவேண்டும். பெரியவர்கள் வெட்டிக்கொண்டதற்குப் பிள்ளைகள் எதற்கு இறக்கை கட்டவேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

எனக்கு ராஜாக்களைப் பற்றி ஒரு கவலையும் கிடையாது. அம்மா வந்து என்னைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். மாமா போன பிறகும் அம்மா உலை வைத்தாள், எனக்குத் தலை பின்னிவிட்டாள். பேச்சு மட்டும் நின்றுவிட்டது. தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு என் தலைக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு ஒரே ஆத்திரமாக வரும். புறா வேஷத்தில் என்னைப் பார்த்தால் கட்டாயம் பேசிவிடுவாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

சித்தப்பா ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தார். இறக்கைக்கான துணி அவர் உபயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பெனிக் களத்திலேயே ஒத்திகை வைத்துக்கொண்டோம். சலவை செய்த துணி நீளநீளமாகக் காய்ந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் நிற்பது யாரென்று தெரியாது. காற்றடித்தால் துணியில் ஒரு முகம் பதியும். மூக்கு மேடும் வாய்க்குழியும் தெரியும், பிறகு ஒன்றும் இருக்காது. கீழத்தெருப் பையன் ஒருவன்தான் அப்படி விளையாட்டுக் காட்டினான். தெரிந்தும் நான் அந்தத் துணியை விட்டுத் தள்ளிப்போய் நின்றேன். அந்தக் கலவரத்தில் அவனுக்கு அப்பா இல்லாமல் போயிருந்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நாடகம். விளக்கு வைக்கும் நேரம். மேலத்தெருக்காரர்கள் இடப்பக்கம், கீழத்தெருக்காரர்கள் வலப்பக்கம். நடுவில் விரித்த ஜமுக்காளத்தில் ஒரு குஞ்சு குருமான் கூட உட்காரவில்லை. முகத்தில் முத்துவெள்ளை பூசி, கழுத்திலிருந்து கால்வரை துணியைச் சுற்றி, எங்களை மேடைக்குப் பின்னால் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். அப்போது பார்த்து, அட்டை அலகுகளைப் பிடித்திருந்த எலாஸ்டிக் ஒவ்வொன்றாக அறுந்தது. போதாக்குறைக்குக் கரண்டும் போயிற்று.

சித்தப்பா அசரவில்லை. இருட்டிலேயே பேண்டேஜ் துணியைக் கிழித்தார். பின்னால் நின்றபடி அலகையும் நாடியையும் துணியால் சேர்த்து இழுத்து, அதைக் காதோரமாக மேலே ஏற்றி, உச்சந்தலையில் ஒரு முடிச்சுப் போட்டார்.

“ஏட்டி, செத்த நேரம் ஆடாம நில்லு. அலகு விழுந்துச்சுன்னா நீ புறா இல்ல, கோழி.”

“அம்மா வந்திருக்காளா சித்தப்பா?”

“மதினி வந்திருக்காக. வாய மூடு, கட்டணும்.”

எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படியே கட்டினார். ஒருவருடைய முகத்தையும் அவர் முன்னால் வந்து பார்க்கவில்லை. ஓரத்தில் ஒரு கேஸ் லைட்டை வைத்துவிட்டுத் திரையை இழுத்தார்கள். நாங்கள் மெல்ல நடந்து வந்தோம். வேர்வையில் ஊறிய அலகுகள் கிழிந்து விழுந்தன. கட்டு மட்டும் அப்படியே இருந்தது.

வசனம் சொல்ல வாயைத் திறந்தேன், திறக்க முடியவில்லை. எல்லோருக்கும் அதே கதி. பல்லைக் கடித்துக்கொண்டு ‘ம்ம்... ம்ம்...’ என்று முனகினோம். எங்கள் முனகல் எனக்கே பயமாக இருந்தது. கீழே அழுதுகொண்டிருந்த கைக்குழந்தையின் வாயை யாரோ பொத்திவிட்டார்கள். எங்களைத் திரும்பிப் பார்த்த ராஜாக்கள் இருவரும் வாளைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

வெள்ளை சுற்றி, வாய் பிளந்துவிடாமல் நாடியைத் தூக்கி உச்சியில் முடிச்சுப் போட்டு யாரைப் படுக்கவைப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. ஊருக்கு இறந்தவர்களைக் கொண்டுவந்த அன்று எங்களைப் பள்ளிக்கூடத்துக்குள் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள். கீழே இருந்தவர்களுக்குத் தெரியும். அன்று எடுத்துப்போன பிணங்களெல்லாம் சின்னதாகித் திரும்பி நடந்து வந்து, முனகிக்கொண்டு நின்றன.

வலப்பக்கம் ஒரு பெண் ‘ஐயோ’ என்றாள். இடப்பக்கமிருந்தும் அதே குரல் எழுந்தது. அந்த அலறலுக்குள் அம்மா மேடையேறி வந்தாள். தலைக்கு மேலே பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள். அவள் கை நேராக என் உச்சிக்குப் போய் முடிச்சை அவிழ்த்தது.

“வாயத் தெற. ஏட்டி, வாயத் தெறந்து பேசுட்டி. ஏதாச்சும் பேசு.”

“ஏம்மா அவுத்த? நாடகமே போச்சு,” என்று கத்தினேன்.

அம்மா என் வாயைத் தடவிப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் நின்ற அந்தக் கீழத்தெருப் பையனிடம் போய் அவன் முடிச்சையும் அவிழ்த்தாள். வாய் விடுபட்டதும் அவன், சார் சொல்லிக்கொடுத்தபடியே, “சமாதானம்” என்றான். அம்மா அவனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அவனுடைய அம்மாவும் ஏறி வந்தாள். வரிசையின் ஒரு முனையிலிருந்து ஒருத்தியும், மறு முனையிலிருந்து ஒருத்தியுமாக, எந்தத் தெருப் பிள்ளை என்று பாராமல் அவிழ்த்துக்கொண்டே வந்தார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் நான் உம்மென்று இருந்தேன். என் வசனத்தை அவன் சொல்லிவிட்டானே என்ற எரிச்சல். ஒரு சந்தேகமும் இருந்தது. சித்தப்பா கட்டும்போது அம்மா பார்க்கவில்லை. அந்த அரை இருட்டில் முடிச்சு எங்கே இருக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது? தடவிக்கூடப் பார்க்கவில்லையே. சித்தப்பாவிடம் கேட்டேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா மட்டும், தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே, “மாமாவுக்கு நாந்தானட்டி கட்டுனேன்,” என்றாள். மாமாவும் எங்கேயோ நாடகத்தில் புறா வேஷம் போட்டிருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டு, அவள் மடியில் படுத்துத் தூங்கிவிட்டேன்.