மானிட்டர் வீட்டில்தானே இருந்தது

என் அக்கா ஜுவேரியாவைப் பற்றி யாராவது "அவங்களுக்குக் கோபம் ஜாஸ்தி" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கோபம் வருகிற மாதிரி காரியத்தைச் செய்துவிட்டு, அப்புறம் கோபக்காரி என்று பேர் வைப்பது எந்த ஊர் நியாயம்? நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே முடிவு பண்ணுங்கள்.

மீர்சாகிப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் அக்கா, அவள் புருஷன் அப்துல் கஃபார், நான் மூன்று பேரும் இருக்கிறோம். அக்காவுக்கும் எனக்கும் தொழில் கல்யாண வீடியோ. அதிலும் பெண்கள் பக்கம் மட்டும். எங்கள் ஆட்களில் நிறைய வீடுகளில் கல்யாண மண்டபத்தின் நடுவே திரை கட்டிவிடுவார்கள். திரைக்கு அந்தப் பக்கம் ஆண்கள். அங்கே எந்தக் கேமராக்காரனும் போகலாம். இந்தப் பக்கம் கேமரா பிடிப்பது நான். அதை வெட்டி ஒட்டிப் பாட்டுப் போட்டுக் கொடுப்பது அக்கா.

பெண்கள் பக்கத்துப் படத்தை எந்த ஆணும் பார்க்கக் கூடாது. இதுதான் எங்கள் தொழிலின் முதல் விதி, கடைசி விதியும் இதுதான். மருதாணி வைக்கிற நாளில் புர்காவைக் கழற்றிப் போட்டுவிட்டு, தலையில் முக்காடு கூட இல்லாமல் ஆடுவார்கள் பாருங்கள், தெருவில் கண்ணைத் தூக்கிப் பார்க்காத பெண்களெல்லாம் அப்படி ஆடுவார்கள். ஒவ்வொரு வீட்டிலும் அக்கா மணப்பெண்ணின் அம்மா எதிரே நின்று சொல்லுவாள்: "நானு, என் தங்கச்சி ஜோயா. எங்க ரெண்டு பேரத் தவிர ஒரு ஈ காக்கா பாக்காது." இந்தப் பேச்சை நம்பித்தான் எங்களுக்கு வேலை வருகிறது. போஸ்டர் கிடையாது, இன்ஸ்டாகிராம் கிடையாது.

அதனால்தான் அந்தக் கம்ப்யூட்டருக்கு நெட் இணைப்பே கொடுக்கவில்லை. "கிளவுட்ல போட்டு அனுப்ப வேண்டியதுதானே" என்று புத்தி சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். உன் வீட்டுப் பெண் ஆடுவதை யார் யார் கம்பெனியிலோ கொண்டுபோய் வைப்பாயா என்று கேட்டால் வாயை மூடிக்கொள்வார்கள். கம்ப்யூட்டருக்குத் தனி அறை, அறைக்குப் பூட்டு. பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று அக்காவிடம். இன்னொன்று மச்சானிடம், ஏனென்றால் இன்வெர்ட்டர் பேட்டரியும் அந்த அறையில்தான் இருக்கிறது, அதற்குத் தண்ணீர் ஊற்றுவது அவர் வேலை.

கம்ப்யூட்டர் பழசு. ஏதோ ஆபீஸில் கழித்துவிட்டது, புத்தகம் மாதிரி ஒல்லியான டப்பா. அக்கா அதைத் தானே திறந்து ஹார்ட் டிஸ்க்கை மாற்றி, மெமரியைக் கூட்டி, குதிரை மாதிரி ஓட வைத்திருந்தாள். ஒரே குறை, பின்னால் இருக்கிற யூ.எஸ்.பி. ஓட்டைகள். எல்லாம் அந்தக் காலத்து வேகம். கேமரா கார்டிலிருந்து படத்தை ஏற்றப் போட்டுவிட்டு, பிரியாணி செய்து, சாப்பிட்டு, அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து பார்த்தால் பாதிதான் ஏறியிருக்கும். வாடிக்கையாளர் கொண்டுவரும் டிஸ்க்கில் காப்பி போட்டுக் கொடுப்பதும் அதே கதைதான்.

இந்த நேரத்தில்தான் இஃப்ரா கல்யாணம் வந்தது. ராயப்பேட்டை ஷகீலா ஆன்ட்டியின் ஒரே மகள். ஆன்ட்டி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கைக்குழந்தையோடு புருஷனை இழந்து, ஒற்றை ஆளாக மகளை வளர்த்தவர். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்த ஆன்ட்டி மருதாணி அன்றைக்கு, எல்லோரும் இழுத்துவிட, முதலில் முறைத்து, அப்புறம் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆடினார். கூடம் முழுக்க விசில். நான் கேமராவை அவர் மேலிருந்து எடுக்கவே இல்லை. மறுநாளே இஃப்ரா போன் பண்ணினாள்: "ஜுவேரியாக்கா, வேற எத வேணா வெட்டுங்க. எங்கம்மா ஆடினத வெட்டாதீங்க. அத மஸ்கட்டுக்கு எடுத்துட்டுப் போகணும்." சனிக்கிழமை அவளுக்கு விமானம்.

படம் அவ்வளவும் பெரிய சைஸ். அந்தப் பழைய ஓட்டையை நம்பினால் இஃப்ரா மஸ்கட்டில் பிள்ளை பெற்ற பிறகுதான் காப்பி முடியும். அக்கா போய் வேகமான யூ.எஸ்.பி. கார்டு ஒன்று வாங்கி வந்தாள். டப்பாவைத் திறந்து, உள்ளே மதர்போர்டில் காலியாக இருந்த ஸ்லாட்டில் சொருகிப் பார்த்தாள். கார்டு உட்கார்ந்தது. ஆனால் அதன் முனையில் இருக்கிற இரும்புத் தகடு பெரிய டப்பாவுக்கு உள்ளது. எங்கள் ஒல்லி டப்பாவை மூட விடாமல் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. குட்டைத் தகடும் கூடவே வரும் என்று சொல்லி விற்றவன் அதைப் போடவே இல்லை. அக்கா அவனை வாய்க்கு வந்தபடி திட்டினாள். எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த மச்சானிடம், "நாளைக்கி போய் குட்டத் தகடு வாங்கிட்டு வந்து நானே மாட்டிக்கிறேன்" என்றும் சொன்னாள். தெளிவாகத்தான் சொன்னாள். நான் சாட்சி.

மறுநாள் அடையாறில் ஒரு நிச்சயதார்த்தம். இரண்டு பேரும் அங்கே போய்விட்டு, வருகிற வழியில் தகடும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினோம். அக்கா அறையைத் திறந்தாள். மேஜையில் மானிட்டர் இருக்கிறது, கீபோர்டு இருக்கிறது. டப்பாவைக் காணோம்.

"என்னங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் மச்சான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வந்தார்.

"டி.நகர்ல நம்ம ஆசிஃப் கடைல குடுத்துட்டு வந்துட்டேன். மாட்டி வெச்சிருவான். நீ எதுக்குக் கஷ்டப்படணும்?"

"ஹார்ட் டிஸ்க் உள்ள இருக்குங்க. இஃப்ரா கல்யாணம் மொத்தமும் அதுல இருக்கு."

"இருந்தா இன்னா? படம் தெரியணும்னா மானிட்டர் வேணும்ல? மானிட்டர்தான் வூட்லயே கீதே. டப்பாவ மட்டும்தான எடுத்துனு போனேன். அதையும் போர்வைல சுத்தி, ஒருத்தரும் பாக்காம மூடித்தான் எடுத்துனு போனேன்."

போர்வை! அட அறிவு கெட்ட மனுஷா! இத்தனை வருஷம் இந்த வீட்டுச் சோறு எந்த வேலையில் வருகிறது என்று தெரியாமலா தின்றாய்? கம்ப்யூட்டர் கடையில் வேறு மானிட்டர் இருக்காதா? எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் மேல் இன்னும் ஆத்திரம் வந்ததற்குக் காரணம், அந்த ஆள் கெட்ட எண்ணத்தில் எதுவும் செய்யவில்லை. நிஜமாகவே பெரிய உபகாரம் பண்ணிவிட்ட முகத்தோடு நின்றார். அக்கா செருப்பைக் கூடக் கழற்றாமல் திரும்பிப் படியிறங்கினாள். நான் பின்னாலேயே ஓடி ஆட்டோ பிடித்தேன்.

பாண்டி பஜாருக்குப் பக்கத்துச் சந்தில் ஆசிஃப் கடை. அவன் மச்சானின் கூட்டாளி, அக்காவை அண்ணி முறை வைத்து பாபி என்று கூப்பிடுவான். எங்களைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

"வாங்க பாபி. வேல முடிஞ்சிடுச்சு. தகட்ட அறுத்து உட்கார வெச்சிட்டேன். எஸ்.எம்.பி.எஸ்.லேர்ந்து பவர் ஒயரும் குடுத்துட்டேன், இல்லன்னா டிஸ்க் சொருகினா புட்டுக்கும். ஸ்பீடு டெஸ்ட்டு கூடப் போட்டாச்சு. பிச்சிக்கினு போவுது!"

"எத வெச்சு டெஸ்ட் பண்ணீங்க?" என்றாள் அக்கா. குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது.

"உள்ளயே இருந்துச்சே, பெரிய ஃபோல்டரா ஒண்ணு. சின்ன ஃபைல்ல ஸ்பீடு தெரியாது பாபி. அத அப்படியே என் டிஸ்க்குக்கு இழுத்து வுட்டேன்."

"தொறந்து பாத்தீங்களா?"

"சேச்சே. காப்பி ஒழுங்கா ஆயிருக்கான்னு ஒண்ணே ஒண்ணு மட்டும் ஓட வுட்டுப் பாத்தேன்."

"எது?"

அவன் அப்போதுதான் அக்காவின் முகத்தைப் பார்த்தான். தலையைச் சொறிந்தான். "யாரோ ஒரு பெரியம்மா. டீச்சராட்டம் கண்ணாடி போட்டுனு, டான்ஸ் ஆடினாங்க."

நான் கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவன், "பாஸ்வேர்டு கூட இல்ல பாபி, முக்கியமானதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? கஃபார் பாய் எதுவும் சொல்லலையே" என்றான். அது உண்மைதான். பூட்டின அறைக்குள் இருக்கிற கம்ப்யூட்டருக்கு எதற்குப் பாஸ்வேர்டு என்று அக்கா விட்டுவைத்திருந்தாள். ஆனால் கல்யாண வீட்டுப் பெண்கள் என்று தெரிந்த உடனே மூட வேண்டாமா? கை வலிக்குமா? அவன் வீட்டிலும் அம்மா தங்கச்சி இருக்கிறார்கள்.

"இப்பவே டெலீட் பண்ணிடறேன் பாபி."

"டெலீட் பண்ணினா திரும்பி எடுக்கலாம். அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். டிஸ்க்கக் குடுங்க."

அதில் வேறு வேலையெல்லாம் இருக்கிறது என்று இழுத்தான். அக்கா அவன் துடைத்துப் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்தாள். வந்த வாடிக்கையாளர்கள் எங்களைப் பார்த்துவிட்டு வாசலோடு திரும்பிப் போனார்கள். கடைசியில் தன் வேலைகளை வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டு டிஸ்க்கை எடுத்து நீட்டினான். அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அக்கா ஆட்டோவில் வந்தாள். அந்தப் போர்வையை நான் அவன் கடை வாசலிலேயே வீசிவிட்டு வந்தேன்.

வீட்டில் மச்சான் முகம் வெளுத்து நின்றார். நடந்ததைக் கேட்டுவிட்டு, "சரி விடு, டிஸ்க்கு கைக்கு வந்துடுச்சுல்ல? ஆசிஃப் வெளில சொல்ல மாட்டான். நீயா போய் அந்தம்மா கிட்ட வாயக் குடுக்காத. யாருக்குத் தெரியப் போவுது?" என்றார்.

"நான் அவங்க முன்னாடி நின்னு சொன்னேங்க. ஈ காக்கா பாக்காதுன்னு சொன்னேன்" என்றாள் அக்கா. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே போனை எடுத்தாள்.

மறுநாள் காலையில் ஷகீலா ஆன்ட்டியும் இஃப்ராவும் வந்தார்கள். மச்சானை வெளியே போகச் சொல்லிவிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அக்கா ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். புருஷன் கொண்டுபோனது, கடைக்காரன் காப்பி போட்டது, ஒன்றை ஓடவிட்டுப் பார்த்தது எல்லாம்.

ஆன்ட்டி கண்ணாடியைக் கழற்றினார். "எத பாத்தான்?"

அக்காவால் பொய் சொல்லியிருக்க முடியும். கேக் வெட்டினது என்று சொன்னால் யார் போய்க் கேட்கப் போகிறார்கள்? "நீங்க ஆடினத, ஆன்ட்டி."

ஆன்ட்டி திட்டுவார், கையை ஓங்குவார் என்று நான் நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர், "அத அழிச்சிடு. எங்கெங்க இருக்கோ அங்கல்லாம்" என்றார்.

"அம்மா, வேணாம்மா!" இஃப்ரா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத மட்டும்தாம்மா நான் கேட்டேன். அந்த டிஸ்க்குதான் வந்துடுச்சே, அத ஒடச்சிடலாம். நம்ம கிட்ட இருக்கறது இருக்கட்டும்மா."

"நான் உங்க நடுவுல ஆடினேன் இஃப்ரா. இப்ப ஒருத்தன் கடைல நின்னு பாத்திருக்கான். இனிமே நீ அதப் போடும்போதெல்லாம் அவனும் பக்கத்துல நின்னு பாக்கற மாதிரிதான் எனக்கு இருக்கும். வேணாம்." அப்புறம் அக்காவிடம், "அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ போடு. நான் பாக்கவே இல்ல" என்றார்.

நான்கு பேரும் பார்த்தோம். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆன்ட்டி ஆடினார். இரண்டு கையையும் மேலே தூக்கிச் சுற்றினார், மகளை இழுத்துவந்து கூட ஆட வைத்தார், நடுவில் மூச்சு வாங்கி நின்று வாயைப் பொத்தாமல் சிரித்தார். இங்கே நாற்காலியில் இருந்தவர் இமைக்காமல் பார்த்தார்.

"இவ்ளோ சந்தோஷமாவா இருந்தேன்?" என்றார். "சரி. அழிச்சிடு."

திரும்பி எடுக்க முடியாதபடி அக்கா அழித்தாள். என் கேமரா கார்டில் மிச்சம் இருந்ததையும் அழித்தாள். ஆசிஃப்பின் டிஸ்க்கை நான் வாங்கிக்கொண்டு போய்ச் சமையல்கட்டில் போட்டு அம்மிக் குழவியால் நொறுக்கினேன். நொறுங்கின பிறகும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. திரும்பி வந்தபோது அக்கா மீதிக் கல்யாணத்தை இஃப்ராவின் டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டிருந்தாள். எப்போதும் சமைத்துச் சாப்பிட்டு முடிந்தாலும் தீராத வேலை, இஃப்ரா மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்வதற்குள் முடிந்துவிட்டது. அவள் அந்த டிஸ்க்கை வாங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். அதில் என்ன இருக்கிறது என்று கேட்கக் கூட இல்லை. ஆன்ட்டி சலாம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அடுத்த கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறேன் என்று சொல்லவில்லை.

அவர்கள் தெருமுனை தாண்டினதும் மச்சான் மூன்று டம்ளர் டீயோடு வந்தார். எங்கள் முகத்தைப் பார்த்தும் அவருக்குக் கேட்கத் தோன்றியது இதுதான்.

"கார்டு நல்லா வேல செய்யுதா ஜுவேரியா? ஸ்பீடா கீதா?"

அக்கா டீயை வாங்கவில்லை. அறையைப் பூட்டினாள். தன் சாவியை எடுத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள்.

"அந்த இன்னொரு சாவி."

மச்சான் டீத் தட்டைக் கீழே வைத்தார். வண்டிச் சாவி, பீரோ சாவி, வீட்டுச் சாவி எல்லாம் சேர்ந்த அந்தக் கொத்திலிருந்து அதை மட்டும் கழற்ற அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது. அக்கா நீட்டின கையை மடக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.