டிக்கெட்டின் பின்பக்கம்

தூத்துக்குடிக்காரி என்று தெரிந்ததும் எல்லோரும் என்னிடம் கடலைத்தான் விசாரிக்கிறார்கள். எழுதத் தூண்டுவது அலையா, உப்புக் காற்றா என்று கேட்கிறார்கள். கூட்டங்களில் என்னை அறிமுகம் செய்கிறவர் தவறாமல் முத்துக்குளித்தலை இழுத்துவிடுவார். நான் மூச்சடக்கி ஆழத்துக்குப் போய்ச் சொற்களை எடுத்து வருகிறேனாம். எனக்கு நீச்சலே தெரியாது. நான் எழுத ஆரம்பித்த எழுபதுகளில் எங்கள் கடலில் முத்துக்குளிப்பும் நின்று போயிருந்தது. கடல் எனக்கு ஒரு வரிகூடத் தந்ததில்லை. வீட்டு ஜன்னல் கம்பிகளைத் துருப்பிடிக்க வைத்ததுதான் அது எனக்குச் செய்த காரியம்.

எனக்கு எழுத்து வந்த இடம் டிரங்க் எக்ஸ்சேஞ்ச். அன்றைக்கு வெளியூருக்கு டெலிபோனில் பேச வேண்டுமென்றால் எங்களிடம் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். நாங்கள் ஷிஃப்டுக்கு ஏழெட்டுப் பெண்கள் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஒரு நீளப் பலகை முன்னால் வரிசையாக உட்கார்ந்திருப்போம். விளக்கு எரிந்தால் பிளக்கைச் செருகி, “டிரங்க்ஸ்” என்போம். ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு சிறிய டிக்கெட் உண்டு. எங்கிருந்து எங்கே, எத்தனை நிமிஷம், இணைத்தது யார் என்று அதில் எழுத வேண்டும். எங்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். நான் பதினேழு.

அடுத்தவர் பேச்சைக் கேட்கக் கூடாது என்பது அங்கே முதல் விதி. பேசுகிறார்களா, லைன் விட்டுப் போனதா, மூன்று நிமிஷம் ஆயிற்றா என்று அவ்வப்போது பலகையிலுள்ள சாவியைத் தள்ளிக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது இரண்டாவது விதி. இந்த இரண்டு விதிகளுக்கும் நடுவில் ஒரு மனுஷி தன் காதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. நான் கேட்டேன். அதை மறைக்கப் போவதில்லை.

ஒருநாள் மத்தியானம், தபாலாபீஸில் இருந்த பொது டெலிபோனிலிருந்து ஒரு பெண் பம்பாய்க்குப் பேசினாள். காலையிலேயே பதிவு செய்துவிட்டு அங்கே பெஞ்சில் காத்திருந்தவள். பம்பாயிலிருந்த புருஷன் தன் தம்பிக்கு வேலை சொல்லி வைத்தது, வீட்டு ஓடு மாற்றுவது, யாருக்கோ கொடுத்தனுப்பிய பெட்டி என்று மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தான். இவள், “ஆமா, சரி, ஆமா” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நேரம் முடிகிறதா என்று பார்க்க இரண்டாம் முறை சாவியைத் தள்ளினேன். அப்போது அவள் சொன்னாள்: “நான் நல்லாத்தான் இருக்கேன். நீங்க கேக்கலைல்லா, அதான் நானே சொல்லுதேன்.” இன்னும் அரை நிமிஷம் பாக்கி இருக்கும்போதே வைத்துவிட்டாள்.

பக்கத்தில் கிடந்த, எழுதிக் கெட்டுப்போன டிக்கெட் ஒன்றின் பின்னால் அதை அப்படியே எழுதிக்கொண்டேன். தேதி போட்டேன், எங்கிருந்து எங்கே என்பதையும் குறித்தேன், வேலைப் பழக்கம். எழுதி முடித்ததும் உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. உந்துதல் என்று ஒன்று உண்டென்றால் அதுதான். பிறகு அதை வாங்குவதற்காக நான் எந்தக் கடற்கரைக்கும் போனதில்லை.

அந்தப் பெண்ணை வைத்து ஒரு கதை எழுத வேண்டும் என்ற எண்ணம் பிடித்துக்கொண்டது. ஆனால் அவள் வார்த்தையை அப்படியே போட மனசு வரவில்லை. திருட்டு என்று எனக்கும் தெரியும். அதனால் மாற்றி மாற்றி எழுதினேன். பஸ்ஸில் போகும்போது ஒரு விதமாகத் தோன்றும், டவுன் பஸ் டிக்கெட்டில் எழுதுவேன். சோறு வடிக்கும்போது வேறு விதமாகத் தோன்றும், மளிகை கட்டி வந்த தாளில் எழுதுவேன். காலண்டர் தாள், பிஸ்கட் உறை, கல்யாணப் பத்திரிகையின் முதுகு என்று எது கையில் அகப்பட்டாலும் சரிதான். எல்லாம் ஒரு துணிப்பைக்குள் போகும். இந்தக் கதை மட்டுமல்ல, எழுதாத இருபது கதைகளும் அதே பைக்குள்தான் கிடந்தன.

எங்கள் வீடு மாப்பிள்ளையூரணியில். என் வீட்டுக்காரர் சாகுபுரம் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் கிளார்க். பிறக்கும்போதே லேபிளோடு பிறந்தவர். அந்தப் பையைப் பார்த்தாலே அவருக்கு உடம்பு அரிக்கும்.

“ஏளா, எங்க ஸ்டோர்ஸ்ல ஆயிரத்தெட்டுச் சாமான் கெடக்கு. ஒரு வாஷர் வேணும்னா கண்ணை மூடிக்கிட்டு எடுத்துருவேன். உன்னால ஒரு கதையை எடுத்துக் குடுக்க முடியுமா?”

“வாஷர் எந்திரிச்சு நடக்காதுல்லா” என்பேன்.

அவர் கெட்ட மனுஷன் இல்லை. மூன்று ஃபைல் வாங்கி வந்து, அழகான கையெழுத்தில் ‘யோசனை’, ‘பாதி’, ‘முடிந்தது’ என்று எழுதி ஒட்டினார். மூன்றாவது ஃபைல் கடைசி வரை வாங்கினபடியே புதிதாக இருந்தது. பிறகு ஒரு கால அட்டவணை போட்டார். காலை ஐந்து முதல் ஆறு வரை எழுத்து. அந்த ஒரு மணி நேரம் அடுப்பைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, பார்த்தும் கொண்டார். பன்னிரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்தேன். பால்காரருக்கு நாளைக்குப் பால் வேண்டாம் என்று ஒரு சீட்டு எழுதினேன். வேறொன்றும் வரவில்லை. நல்ல எழுத்தாளர்கள் எல்லாம் ஒழுங்கானவர்கள், நான் ஒருத்திதான் குப்பைக்காரி என்று அப்போது உண்மையிலேயே நம்பினேன். தனியாக இருக்கும்போது அழுததும் உண்டு.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சாமான்களை எல்லாம் வெளியே எடுத்தபோது அந்தப் பை அவர் கையில் அகப்பட்டது.

“வெள்ளையடிக்க ஆளு வாரான். இதை வெந்நீர் அடுப்புல போட்டுருதேன்” என்றார்.

“என்னையும் சேத்துப் போடுங்க” என்று பிடுங்கிக்கொண்டேன். வெள்ளையடித்து முடியும் வரை இரண்டு நாள் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டே சமைத்தேன்.

பொங்கல் முடிந்து சில வாரம் கழித்து, எக்ஸ்சேஞ்சுக்கு மேலிடத்திலிருந்து எனக்கு ஒரு மெமோ வந்தது. எங்கள் சூப்பர்வைசர் அம்மா அதை என் முன்னால் போட்டுவிட்டு, “பதினேழு, என்னத்த எழுதித் தொலைச்ச?” என்றார்.

நடந்தது இதுதான். ஊரில் பெரிய உப்பு வியாபாரி ஒருவர் வீட்டிலிருந்து மெட்ராஸுக்கு ஒரு அழைப்பு. லைன் கிடைக்கத் தாமதமானபோது, அந்தப் பாழாய்ப்போன வரி புதிதாக ஒரு விதத்தில் எனக்குத் தோன்றியிருக்கிறது. கைக்குக் கிட்டே இருந்த தாளில் எழுதினேன். அந்தத் தாள் அதே அழைப்பின் டிக்கெட். பிறகு லைன் கிடைத்தது. முன்பக்கத்தில் நிமிஷத்தைக் குறித்துப் பெட்டியில் போட்டுவிட்டேன். கணக்குப் பிரிவில் யாரோ அதைத் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள்.

பின்பக்கத்தில் இருந்தது இது: ‘நீங்கள் கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன். கேட்காததால் சொல்கிறேன், நான் நன்றாக இருக்கிறேன்.’

வாடிக்கையாளரின் பேச்சை ஒட்டுக்கேட்டு எழுதி வைத்திருக்கிறாய், திங்கள்கிழமை நேரில் வந்து விளக்கம் சொல் என்றது மெமோ. ரகசியத்தை மீறினால் வேலை போகும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். வேலை போவதைவிட இன்னொன்று எனக்குப் பயமாக இருந்தது. எழுதித்தான் இவள் வேலையைத் தொலைத்தாள் என்று ஒரு பேச்சு கிளம்பினால், அப்புறம் எந்தக் காலத்திலும் அந்த வீட்டில் நான் பேனாவைத் தொட முடியாது. கொடுமை என்னவென்றால், அந்த உப்பு வியாபாரி வீட்டு அழைப்பில் நான் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. குற்றம் நிஜம்தான், பிடிபட்ட டிக்கெட்தான் தப்பு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பையைக் கவிழ்த்துத் தரையில் கொட்டினேன். அது கதை வரிதான் என்று காட்டுவதற்காக, வாழ்க்கையில் முதல்முறையாக என் தாள்களை அடுக்க உட்கார்ந்தேன். மெமோவைப் படித்து முகம் வெளுத்துப் போன என் வீட்டுக்காரர், போய்க் கிளிப்புகளை எடுத்து வந்து எதிரே உட்கார்ந்தார். கஷ்டம் வந்தால் அவருக்குத் தெரிந்தது அடுக்குவதுதான். ஒரு மணி நேரத்தில் அந்தக் கதையின் துண்டுகளை மட்டும் தனியே பிரித்துவிட்டார். கடைசியில் ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். தேதியும், பொது டெலிபோன், பம்பாய் என்ற குறிப்பும் போட்ட அந்த முதல் தாள்.

“இது கேட்டதா?”

“ஆமா.”

“இது ஒண்ணு போதும் உன்னை வீட்டுக்கு அனுப்ப. அடுப்பு எரியுது, கொண்டா போட்டுருவோம்.”

நான் கொடுக்கவில்லை. எழுத்து என்னுடையது, வார்த்தை அவளுடையது. அவள் அதைச் சொல்லக் காலையிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அதைக் கொளுத்த எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. திருடினவளுக்கு என்ன உரிமைப் பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாகக் கேளுங்கள். அந்தத் தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டேன். மறுநாள் விசாரணைக்கும் அப்படியேதான் போனேன்.

விசாரிக்க வந்தவர் மதுரைப் பக்கத்து அதிகாரி. டிக்கெட்டை என் பக்கம் தள்ளினார்.

“இது அந்த வீட்டு அம்மா பேசினது. நீங்க எழுதி வச்சிருக்கீங்க. சரியா?”

“இல்ல சார். இது நான் எழுதுத கதையில வருத பேச்சு.”

“எல்லாரும் இப்படித்தாம்மா சொல்லுவாங்க. எப்படி நம்புறது?”

அந்தக் கதைத் துண்டுகள் இருந்த பையைத் தூக்கி, கிளிப்பைக் கழற்றி அவர் மேஜையில் கொட்டினேன். பஸ் டிக்கெட்டும் பிஸ்கட் உறையும் அவருடைய ஃபைல்கள் மேல் சிதறின. ஒன்றிரண்டு தரையில் விழுந்தன. “ஒட்டுக்கேட்டவ ஒரு தடவைதான் சார் எழுதுவா. பத்துத் தடவை மாத்தி மாத்தி எழுதிக்கிட்டு இருக்க மாட்டா” என்றேன்.

அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார். ‘நீங்கள் கேட்பீர்கள் என்று இவ்வளவு நேரம் இருந்தேன்.’ ‘என்னைப் பற்றி ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறேன், வைத்துவிடவா?’ ‘ஓடு மாற்றியாச்சு, பெட்டி வந்தாச்சு, நானும் இருக்கிறேன்.’ கடைசியாகச் சொன்னதை இரண்டு முறை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இதுல எதும்மா கடைசி?”

“இன்னும் முடியல சார்.”

அவர் சிரிக்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கொடுத்து, இனிமேல் கதை எழுத மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். அப்படிச் செய்தால் விஷயத்தை எச்சரிக்கையோடு முடித்துவிடலாம் என்றார். வேலை மிஞ்சும். வெளியே பெஞ்சில் என் வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். நான் எழுதினேன்: பணி நேரத்தில் கதை எழுத மாட்டேன்.

“நான் சொன்னது இது இல்லையே.”

“டூட்டியில இருக்கும்போதுதான் சார் நான் உங்க ஆளு” என்றேன்.

அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்து இன்னொரு முறை படித்தார். பிறகு முத்திரை வைத்தார். நான் துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தபோது, தலையை நிமிர்த்தாமலே கேட்டார்:

“இதுல ஒண்ணுகூட நீங்க கேட்டது இல்லையே?”

“இல்ல சார்.”

ஒரு வரியைப் பத்து விதமாக எழுதியும் திருப்தி வராதவள், அந்தப் பொய்யை ஒரே தடவையில் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அதற்காக இலாகாவிடம் இன்றைக்கும் நான் வருத்தப்படவில்லை. வருத்தம் சொல்ல வேண்டியது ஒருத்தியிடம்தான். அவள் யார் என்று எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு ஜாக்கெட்டுக்குள்ளிருந்து அந்தத் தாளை எடுத்தேன். வியர்வையில் நனைந்து கூழாகியிருந்தது. இலாகா எங்களுக்குக் கொடுத்தது காப்பியிங் பென்சில். ஈரம் பட்டால் அந்த எழுத்து ஊதா மையாகக் கரைந்துவிடும். தேதி இல்லை, பம்பாய் இல்லை, ஒரு எழுத்து மிச்சமில்லை. எல்லாம் என் நெஞ்சின் மேல் இறங்கியிருந்தது.

“சோப்பு போட்டுத் தேச்சாப் போயிரும்ளா” என்றார், என் ஜாக்கெட்டில் ஊதாக் கறையைப் பார்த்திருந்த என் வீட்டுக்காரர், கதவுக்கு அந்தப் பக்கமிருந்து.

அந்த ஊதா நிறம் நான்கு நாள் இருந்தது. நான் தேய்க்கவில்லை.