இரண்டு சொட்டு ஈயம்

நான்காம் வகுப்பில் படிக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நகம் வெட்டும் கத்தரியால் என் காது மெஷினின் கம்பிகளை வெட்டினேன். ஊக்கால் மூடியை நெம்பித் திறந்தால் உள்ளே தலைமுடி கனத்தில் சிவப்பாக ஒன்று, கறுப்பாக ஒன்று. இரண்டையும் நறுக்கிவிட்டு மூடியை அமுக்கி வைத்தேன். வகுப்பில் என்னை ‘ரேடியோ’ என்று கூப்பிட்டார்கள். ரேடியோ கெட்டுப்போனால் பெயரும் போய்விடும் என்று நினைத்துவிட்டேன்.

அப்போது நாங்கள் திருவனந்தபுரத்தில், கரமனை ஆற்றுக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். மெஷின் தானாக நின்றுவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். மறுநாள் அப்பா வேலைக்குப் போகாமல், அதை வாங்கிய இடத்துக்கு எடுத்துப் போனார். இதையெல்லாம் பழுது பார்க்க முடியாது, புதிது வர இரண்டு மாதமாகும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

நான் யோசிக்காத ஒன்று இருந்தது. அடுத்த திங்கட்கிழமை மலையாளத்தில் கேட்டெழுத்து. டீச்சர் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். அதில் தேறாவிட்டால் என்னைக் காது கேளாதவர்களின் பள்ளிக்கு, ஹாஸ்டலுக்கு அனுப்புவதுதான் நல்லது என்று தலைமை ஆசிரியை ஏற்கெனவே சொல்லியிருந்தார். மெஷின் இல்லாவிட்டால் எனக்குக் காதருகே கத்துவது மட்டும்தான் கேட்கும். அம்மா அழுதாள். நானும் அழுதேன். என் அழுகைக்குக் காரணம் வேறு என்பது யாருக்கும் தெரியவில்லை.

“இங்க கொண்டா, நான் பாக்கேன்” என்று பெரியம்மா கையை நீட்டினாள். அவர்கள் பேசிக்கொண்டதை அம்மா பிறகுதான் எனக்குச் சொன்னாள்.

அம்மாவின் அக்காவான அவள் எங்களோடுதான் இருந்தாள். ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் முப்பது வருடம் கம்பிகளை ஈயம் வைத்து ஒட்டும் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவள். வலது கண்ணில் புரை. விரல் கணுக்கள் வீங்கி, கை நடுங்கும். காபியைத் தம்ளரில் பாதிதான் ஊற்றிக் கொடுப்பாள் அம்மா.

“அக்கா, உன்னால ஆகாது. உள்ள கண்ணும் போயிரும்.”

“நீ சும்மா இரி. ஆகுமா இல்லையான்னு கைக்குத் தெரியும்.”

புதன்கிழமை காலை பின்வாசலில் வெயில் விழும் இடத்துக்கு மேசையை இழுத்துப் போட்டாள். அவளுடைய பழைய பெட்டியிலிருந்து வந்த, ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்னின் முனை அந்த வேலைக்குப் பென்சில் மாதிரி தடிமனாக இருந்தது. அதன்மேல் செம்புக் கம்பியை இறுக்கிச் சுற்றி, நுனியை ஊசிபோல் நீட்டிவிட்டாள். மெஷின் அசையாமலிருக்கச் சப்பாத்தி மாவு உருண்டையில் பதித்தாள். பூதக்கண்ணாடியை இரண்டு அரிசி டின்களுக்கு நடுவே கட்டினாள்.

அன்று முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. நுனி கம்பியை நெருங்கும்போதெல்லாம் கை உதறி வேறெங்கோ போனது. வியாழனன்று ஈயம் விழுந்தது. ஆனால் கம்பிகள் ஒட்ட வேண்டிய இரண்டு புள்ளிகளையும் சேர்த்து ஒரே கட்டியாக. அதை உருக்கி எடுக்கவே மத்தியானமாகிவிட்டது. வெயில் நகர்ந்ததும் எழுந்து போய்ப் படுத்தாள். மறுநாள் மணிக்கட்டைத் துணியால் மேசை விளிம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் கட்டைவிரலில் சூடு பட்டுக் கொப்புளித்தது. அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

“பெரியம்மா, நாந்தான் வெட்டுனேன்” என்றேன், மெதுவாகத்தான் சொல்கிறோம் என்ற நினைப்பில்.

எனக்குக் கேட்க வேண்டுமே என்று அவள் என் காதருகே சாய்ந்து, தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். “தெரியும்ட்டி! தானா அறுந்த கம்பிக்கு இப்படி முனை வராது. மேசைய ஆட்டாம இரி!”

அடுக்களையிலிருந்து அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். பெரியம்மா திரும்பாமலே இடது கையைக் காட்டி அவளை நிறுத்தினாள். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. கரண்டி மட்டும் கீழே இறங்கியது.

சனிக்கிழமை பதினொரு மணிக்குச் சிவப்புக் கம்பி பிடித்தது. கறுப்புக்கு அவள் அவசரப்படவில்லை. மூச்சை விட்டு, அடுத்த மூச்சை எடுப்பதற்குள் கை ஒரு கணம் அடங்குவதைக் கண்டுகொண்டிருந்தாள். அந்தக் கணத்துக்காகக் காத்திருந்து காத்திருந்து, ஒரே தொடுதலில் வைத்தாள். பேட்டரியைப் போட்டு மெஷினை உள்ளங்கையில் பொத்தினாள். சரியாகிவிட்டால் கீச்சென்று கத்தும். அந்தச் சத்தம் எனக்குக் கேட்காது. அம்மாவின் முகம் மாறியதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். காதில் மாட்டியதும் முதலில் கேட்டது, அம்மா முந்தின நாள் அடக்கி வைத்திருந்த திட்டு.

கேட்டெழுத்தில் பத்துக்கு ஏழு சரி. அதே பள்ளியில் தொடர்ந்தேன். பட்டப்பெயர் மட்டும் ஏழாம் வகுப்புவரை கூடவே வந்தது.

கம்பெனியில் கடைசி இரண்டு வருடம், கை நடுங்குகிறது என்று பெரியம்மாவை மேசையிலிருந்து எழுப்பி, அட்டைப்பெட்டி ஒட்டுகிற இடத்தில் உட்கார வைத்திருந்தார்களாம். நான் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் அம்மா இதைச் சொன்னாள். வீட்டில் யாரும் அதைப் பேசக் கூடாது என்பது பெரியம்மாவின் கட்டளை.

அந்தச் சனிக்கிழமை அவள் என் எதிரே உட்கார்ந்து, “நல்லா கேக்குதா மக்ளே? கரகரப்பு உண்டா? விட்டு விட்டுக் கேக்குதா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான்காவது தடவை எனக்கு எரிச்சல் வந்தது.

“கேக்கு, கேக்கு! எத்தன மட்டம் சொல்ல?” என்று சிடுசிடுத்துவிட்டு விளையாட ஓடினேன். மெஷினைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன்.