குடிலுக்குப் போன வைக்கோல்

எங்கள் ஊர்க் கோயிலில் மூன்று ராஜாக்களும் ஒரே நாளில் வந்து சேர்வதில்லை. கிறிஸ்மஸ் முடிந்த மறுநாள் காலையில் உபதேசியார் அவர்களுடைய சுரூபங்களைப் பெரிய வாசலுக்கு உள்பக்கம் தரையில் வரிசையாக நிறுத்தி வைப்பார். குடில் இருப்பதோ அந்தக் கோடியில், பீடத்துக்குப் பக்கத்தில். தினமும் பூசை முடிந்ததும் அவர்களைக் கொஞ்சம் முன்னால் நகர்த்துவார். ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவிலிருக்கும் பாதையில், ஒட்டகம் ஏதும் இல்லாமல், அவர்கள் நடந்தே வருவார்கள். ஜனவரி முதல் வாரத்தில் வரும் ராஜாக்கள் திருநாளன்று குழந்தை ஏசுவின் முன்னால் போய் நிற்பார்கள். அதற்குப் பிறகு குடிலைப் பிரிப்பார்கள். பிரித்த வைக்கோல் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வரும்.

வைக்கோல் எங்களுடையது. நான் கைக்குழந்தையாக இருந்தபோது எனக்குக் காய்ச்சல் கண்டு வலிப்பு வந்ததாம். கடலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் எதையும் உறுதியாகச் சொல்லவில்லையாம். வராந்தாவில் நின்றபடியே அப்பா நேர்ந்துகொண்டார். இந்தப் பிள்ளை பிழைத்தால், இவள் இருக்கிற காலம் வரைக்கும், வருஷா வருஷம் குடிலுக்கு எங்கள் வீட்டு வைக்கோல். அம்மா பக்கத்தில் நின்று ஆமென் சொன்னாள். இதெல்லாம் எனக்குத் தெரிந்த கதைதான். அம்மாவின் தம்பி, பண்ருட்டிப் பக்கத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் இதைச் சொல்லிச் சிரிப்பார். “ஊருல ஒவ்வொருத்தரும் வெள்ளித் தொட்டில், தங்கத் தொட்டில்னு வேண்டிக்குவாங்க. எங்க மச்சான் வைக்கோல வேண்டிக்கிட்டாரு. ஏ வைக்கப்போரு, இங்க வாடி!” எனக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. கோயிலில் என்னுடையது என்று ஒன்று இருப்பது யாருக்குக் கிடைக்கும்?

ஊரில் எங்கள் வீட்டைப் பண்ணை என்பார்கள். பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கெடிலத்துக்கு அருகே இரண்டு கொட்டகை, அதில் கலப்பின மாடுகள், பின்னால் புல் போட்ட கொஞ்சம் நிலம், ஒரு வைக்கோற்போர். மாடுகளின் வருஷமும் கோயிலின் வருஷமும் எங்கள் வீட்டில் ஒன்றையொன்று உரசிக்கொண்டே ஓடும். தவக்காலம் வந்தால் மடி சுருங்கும். பால் குறைவதால் டீயில் பால் நிறுத்துவதை அம்மா ஒறுத்தல் கணக்கில் சேர்த்துக்கொள்வாள். ஆடிக் காற்றில் போர் சாயாமல் இருக்கச் செபமாலை. ஐப்பசி, கார்த்திகையில் குளம்பு அழுகாமல் இருக்க வேப்பிலைப் புகையும் அந்தோணியார் நவநாளும். மார்கழியில் பாலன் பிறப்பார். தையில் புது வைக்கோல் வரும். அப்படி வருகிற புது வைக்கோலில் நல்லதாகப் பார்த்து இரண்டு பெரிய கட்டு கட்டி, அடுத்த கிறிஸ்மஸுக்கென்று அப்பா கொட்டகைப் பரணில் ஏற்றிவிடுவார். வருஷம் முழுக்க அதை யாரும் தொடக்கூடாது.

நான் மூன்றாவது படித்த வருஷம் ஆற்றுத் தண்ணீர் கொட்டகைக்குள் வந்துவிட்டது. அப்பா முன்னதாகவே கயிறுகளை அவிழ்த்து மாடுகளை ரோட்டு மேட்டுக்கு ஓட்டிப் போயிருந்ததால் ஒன்றும் சாகவில்லை. தண்ணீர் வடிந்ததும் நன்றிப் பூசைகூட வைத்தோம். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டோம் என்று இப்போது தோன்றுகிறது. போரைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே வரைக்கும் கறுத்து, ஆவி பறந்தது. புளித்த வாடை. புல் சேற்றில் படுத்து அழுகிவிட்டது. கரும்பு வெட்டு தொடங்கினால் தோகையாவது கிடைக்கும். வயலில் கால் வைக்க முடியாததால் வெட்டும் தள்ளிப்போனது. சுற்று வட்டாரத்தில் யார் வீட்டிலும் காய்ந்த வைக்கோல் இல்லை.

மாமா மினி லாரியோடு வந்தார். மேட்டு நிலத்தில் அவருக்குத் தீனி இருந்தது. மாடுகளை ஏற்றிக்கொண்டவர் செவலையிடம் வந்ததும் நின்றுவிட்டார்.

“இத ஏத்துனா வழியிலயே கன்னு போட்டுடும் மச்சான். இது நிக்கட்டும்.”

செவலை நிறைசினை. நான் தாய்ப்பால் மறந்த நாளிலிருந்து குடித்ததெல்லாம் அவளுடைய பால்தான். எல்லாரையும் எட்டி உதைக்கிற மாடு, என் கை பட்டால் கழுத்தை நீட்டிக் கொடுக்கும். காலியான கொட்டகையில் அவள் மட்டும் ஒரு மூலையில் நின்றாள். விலா எலும்புகள் வெளியே தெரிய, வயிறு மட்டும் தனியாகத் தொங்கியது. அம்மா அவளுக்குக் கஞ்சி காய்ச்சினாள். வாழைமரத்தை நறுக்கிப் போட்டாள். முருங்கை, அகத்தி, வேலியில் இருந்த தழை எல்லாம் தீர்ந்தது.

பரணில் மட்டும் அந்த இரண்டு கட்டு இருந்தது.

“இந்த ஒரு வருஷம் தென்னங்கீத்துல குடில் கட்டிக்கட்டுமே,” என்றாள் அம்மா. “இது ரெண்டும் இருந்தா செவலைய பொங்கல் வரைக்கும் தள்ளிடலாங்க.”

“கோயில்ல கேக்கல. நானா சொன்னது.”

“நம்ம நெலம கடவுளுக்குத் தெரியாதா?”

“தெரியும். அதான் பயமா இருக்குது,” என்றார் அப்பா.

இருவரும் ஒரே சமயத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் பள்ளிக்கூடத்துப் பையோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். முகத்தில் ஏதாவது ஒட்டியிருக்கிறதோ என்று துடைத்துக்கொண்டேன்.

அப்பா இரண்டு நடையாகத் தலையில் சுமந்து கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். கிறிஸ்மஸ் பூசையில் சாமியார் அந்த வைக்கோலைப் பற்றிப் பேசினார். இத்தனை வெள்ளத்திலும் பொன்னாக இருக்கிறதே, இதுவல்லவா விசுவாசம் என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் பெருமையோடு திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அம்மா குடிலையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு பக்தியாக அவள் செபித்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் செவலை படுத்துவிட்டாள்.

படுத்த மாடு தானாக எழுந்திருக்காவிட்டால் ஆட்கள் சேர்ந்து தூக்கி நிறுத்த வேண்டும். வயிற்றுக்கு அடியில் சாக்கைக் கொடுத்து, இரண்டு பக்கமும் மூங்கில் கழியைச் செருகி, “ஏலே தூக்கு, வயிறு வயிறு, பாத்து” என்று கத்திக்கொண்டு தூக்குவார்கள். முதல் நாள் தெருவே வந்தது. செவலை நின்றாள், எல்லாரும் டீ குடித்துவிட்டுப் போனார்கள். மாட்டு டாக்டர் ஊசி போட்டுவிட்டு, “நோய் ஒண்ணும் இல்லீங்க. பசிதான். தீனி போடுங்க” என்றார். அடுத்தடுத்த நாட்களில் ஆள் குறைந்தது. அவரவர் வீட்டிலும் சேறு இருந்தது. கடைசியில் அப்பாவும் அம்மாவும் மட்டும் கழியைப் பிடித்தபோது செவலை தலையைக்கூடத் தூக்கவில்லை. அப்பா கழியைப் போட்டுவிட்டு அவள் முதுகைப் பிடித்து மறுபக்கம் புரட்டிப் படுக்கவைத்தார். ஒரே பக்கம் கிடந்தால் புண் வரும்.

அம்மா அவள் காதருகே குனிந்து, “ராஜா வர்ற வரைக்கும் தாங்கிக்கம்மா. வைக்கோல் வந்துடும்,” என்றாள்.

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. பள்ளிக்கூடம் லீவு. தினமும் கோயிலுக்கு ஓடினேன். ராஜாக்கள் ஆமை வேகத்தில் வந்துகொண்டிருந்தார்கள்.

“என்னா வைக்கப்போரு, தெனம் வந்து பாக்குற?” என்றார் உபதேசியார். “உன்ன பொண்ணு பாக்கவா வர்றாங்க?”

“கொஞ்சம் வேகமா நடக்கச் சொல்லக்கூடாதா?”

“ரொம்ப தூரத்துலேர்ந்து வர்றாங்க பாப்பா. கால் வலிக்கும்ல.”

அன்று மத்தியானம் தூறல் போட்டது. உபதேசியார் சாப்பிடப் போயிருந்தார். நான் கோயிலுக்குள் போய், ராஜாக்களை நானே கூட்டிக்கொண்டு வருவது என்று முடிவு செய்தேன். அவர்கள் வந்துவிட்டால் திருநாள் வந்துவிடும். திருநாள் வந்தால் வைக்கோல் வந்துவிடும். இதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. முதல் ராஜாவை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்க் குடிலுக்கு முன்னால் நிறுத்தினேன். பிறகு இரண்டாமவரை. மூன்றாமவர் கறுப்பு ராஜா, கொஞ்சம் கனம். அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குடிலுக்கு அருகே போய்விட்டபோது பக்கவாட்டுக் கதவு திறந்தது.

அம்மா நின்றாள். கையில் மடித்த சாக்கும் கயிறும் இருந்தன. தலை நனைந்திருந்தது. அவள் என்னைப் பார்த்துப் பயந்த மாதிரி இருந்தது. நான்தானே பயப்பட வேண்டும்?

“நீ இங்க என்னாடி பண்ற?”

“ராஜா வந்துட்டா வைக்கோல் குடுத்துடுவாங்கல்ல, அம்மா.”

அம்மா குடிலின் அருகே வந்தாள். ஏசுவுக்குப் பக்கத்தில் வைக்கோலுக்குள் மணிக்கட்டு வரைக்கும் கையை விட்டாள். போரில் ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பதைப் போல. அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கையை எடுத்து, அந்தக் கையாலேயே என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கழுத்தையும் தொட்டுப் பார்த்தாள். எனக்குக் காய்ச்சல் இல்லை.

“எடுத்த எடத்துலயே வச்சிடலாம் வா,” என்றாள்.

இரண்டு ராஜாக்களை அம்மா தூக்கிக்கொண்டாள். நான் கறுப்பு ராஜாவைத் தூக்கிக்கொண்டேன். எல்லாரையும் பாதி வழியில், பழைய இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்தினோம். முகம் குடிலைப் பார்த்து இருக்கிறதா என்று அம்மா சரிபார்த்தாள். வெளியே வந்ததும் சாக்கின் ஒரு மூலையை உள்ளே மடக்கி, மழைக் கொங்காணி மாதிரி என் தலையில் போட்டுவிட்டாள்.

“அப்பாகிட்ட சொல்லாத, என்ன?” என்றாள்.

சொன்னால் அடி விழும். அம்மா என்னைக் காப்பாற்றுகிறாள் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ராஜாக்கள் திருநாளுக்கு முன்பே செவலை செத்துவிட்டாள். காலையில் அம்மா கஞ்சி கொண்டுபோனபோது கண் திறந்தபடி கிடந்தாள். வயிற்றிலிருந்த கன்று அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் அசைந்ததாக அம்மா சொன்னாள். அப்பா அப்படியெல்லாம் இருக்காது என்றார். ஆற்றுப் பக்கம் குழி வெட்டினார்கள். அன்றைக்குத் தெரு முழுக்க ஆள் வந்தது.

வைக்கோல் சொன்னபடி வந்தது. மெழுகுத் துளியும் ஜிகினாவும் ஒட்டிய இரண்டு கட்டு. மற்ற வருஷங்களில் பாலன் படுத்த வைக்கோல் என்று அம்மா மாட்டுக்கு ஒரு கைப்பிடி ஊட்டிவிடுவாள். அந்த வருஷம் அது கொட்டகை வாசலிலேயே கிடந்தது. மாமா வீட்டிலிருந்து மாடுகள் திரும்பி வரவில்லை. அங்கேயே ஒவ்வொன்றாக விற்றுவிட்டார்கள். அப்பா கடலூரில் ஒரு கிடங்கில் காவல் வேலைக்குப் போனார். இன்றைக்கும் தை மாதம் யார் களத்திலாவது போய் நின்று இரண்டு கட்டு கேட்டு வாங்கி வந்து பத்திரப்படுத்துகிறார். பரண் இல்லை. கட்டிலுக்கு அடியில் வைக்கிறார். நான் இருக்கிறேனே.

நான் சிதம்பரத்தில் இருக்கிறேன். போன மழைக்காலத்தில் என் மகனுக்குக் காய்ச்சல் ஏறி, கண்கள் மேலே செருகிக்கொண்டன. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபோது ஒரு நேர்ச்சை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எதையாவது சொல்லிவிட்டு, பின்னால் கொடுக்க முடியாமல் போனால்? சொல்லாமல் விட்டு, அதனாலேயே ஏதாவது ஆகிவிட்டால்? இரண்டுக்கும் பயந்து வாயை மூடிக்கொண்டு நின்றேன். பிள்ளை பிழைத்துக்கொண்டான். நான் செய்தது சரியா என்று இன்னும் தெரியவில்லை. காரணம் இல்லாமல் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற பழக்கம் மட்டும் வந்துவிட்டது. அப்படித் தொட்ட ஒரு நாள்தான் அந்தச் சாக்கு நினைவுக்கு வந்தது. பிள்ளையைத் தேடி வருகிறவள் சாக்கும் கயிறும் எடுத்து வருவாளா?

அன்று நான் அங்கே இல்லாமல் இருந்திருந்தால் அம்மா வைக்கோலை அள்ளிப் போயிருப்பாள். செவலை எழுந்து நின்றிருக்கலாம். கன்றும் பிழைத்திருக்கலாம். எனக்கும் ஒன்றும் ஆகியிருக்காது என்றுதான் படித்த புத்தி சொல்கிறது. ஆனால் என் மகன் உயிருக்காக நேர்ந்துகொண்ட வைக்கோலாக அது இருந்திருந்தால் நான் ஒரு தாளைக்கூட எடுத்திருக்க மாட்டேன். அம்மாவிடம் இதைக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் நினைக்கிறேன். கேட்காமல் திரும்பி வருகிறேன்.

அன்று வீடு வரைக்கும் தூறல் விடவில்லை. சாக்குக்குள் மாட்டுக் கொட்டகை வாசம் அடித்தது; கதகதப்பாக இருந்தது. அம்மா நனைந்துகொண்டே வந்தாள். அவளுடைய ரகசியத்தை என்னுடையது என்று நினைத்துக்கொண்டு, அடி விழாத சந்தோஷத்தில் நான் குதித்துக் குதித்து நடந்தேன்.